ரொறன்ரோவில் காஸ் (பெற்றோல்) செலவைக் குறைப்பது எப்படி? புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ குடியேறி, லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய கொரொல்லாவையோ சிவிக்கையோ வாங்கி நிறுத்தினால் போதும், ஆளாளுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "அந்தச் சந்தியில் இரண்டு சதம் குறைவு", "செவ்வாய்க்கிழமை அடி", "விடியக்காலை அடித்தால் காஸ் குளிர்ந்து இறுகியிருக்கும், கூட வரும்". கடைசியாகச் சொன்னதை இப்போதே மறந்துவிடலாம். கனடாவில் பெரும்பாலான பம்புகள் வெப்பநிலையைக் கணக்கில் எடுத்து, 15 பாகை செல்சியசில் எவ்வளவு லீற்றரோ அந்த அளவைத்தான் காட்டுகின்றன. பம்பில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்ரிக்கரிலேயே அது எழுதியிருக்கும். குளிர்ந்த காஸ், சூடான காஸ் என்று நேரம் பார்ப்பதால் ஒன்றும் மிஞ்சாது.

நேரம் பார்க்க வேறு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னர் பலகையை வாசிக்கப் பழகுங்கள்.

விலைப் பலகை

வீதியோரத்தில் 139.9 என்று எரியும் இலக்கம் சதக் கணக்கு. ஒரு லீற்றர் 1 டொலர் 39.9 சதம். அது 87 ஒக்ரேன் (பெற்றோல் வகையைக் குறிக்கும் எண்) றெகுலருக்கு மட்டும்தான். 89, 91 இரண்டும் அதைவிடக் கூடியவை. சில இடங்களில் பெரிய இலக்கத்துக்குக் கீழே "கார் வாஷ் வாங்கினால்" என்றோ "காசாகக் கொடுத்தால்" என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் கவனிக்காமல் உள்ளே திரும்பினால் பம்பில் வேறு விலை காட்டும். பலகை விலையில் எல்லா வரியும் அடக்கம். கடையில் சாமான் வாங்கும்போது போல மேலே 13 சதவீதம் ஏறாது.

உள்ளே என்ன வரி இருக்கிறது? மத்திய அரசின் எக்சைஸ் வரி 1995இல் லீற்றருக்கு 10 சதமாக்கப்பட்டது. ஒன்ராறியோவின் வரி 14.7 சதமாக இருந்து, 2022 ஜூலையில் 9 சதமாகக் குறைந்தது. லீற்றருக்கு 17.6 சதமாக ஏறியிருந்த காபன் கட்டணம் 2025 ஏப்ரல் 1ஆம் திகதியோடு போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலே எச்.எஸ்.ரி. என்ற 13 சதவீத விற்பனை வரி, அதாவது வரிக்கும் வரி. பழைய ஆட்கள் "போன வருசம் இந்த விலை" என்று ஒப்பிடும்போது, இந்த மாற்றங்களையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒரே சந்தியில் நாலு மூலையிலும் நாலு நிறுவனம் நின்று, நாலும் ஒரே விலை காட்டுவதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பலகையை மாற்றுகிறார்கள் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், மொத்த விலையே எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நியூயோர்க் சந்தையில் பெற்றோல் என்ன விலைக்குப் போகிறது, அமெரிக்க டொலருக்கு எதிராகக் கனடிய டொலர் எங்கே நிற்கிறது, இரண்டையும் வைத்து மொத்த விலை நாளுக்கு நாள் மாறும். நோர்த் யோர்க்கில் கீல், ஃபின்ச் பக்கம் போனால் பெரிய வெள்ளைத் தாங்கிகளைப் பார்ப்பீர்கள். இந்தப் பகுதியின் பல நிறுவனங்களுடைய லொறிகளும் அங்கேதான் வந்து நிரப்பிக்கொண்டு போகின்றன. அடிப்படை எண்ணெய் ஏறக்குறைய ஒன்று, சேர்க்கும் துப்புரவு மருந்தில்தான் வித்தியாசம். ஆகவே மலிவான ஸ்ரேசனில் அடித்தால் எஞ்சின் பழுதாகும் என்று பயப்பட வேண்டாம்.

எப்போது அடிப்பது

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் விலைக்கு ஒரு தினசரி ஓட்டம் உண்டு. பெரும்பாலும் அதிகாலையில் ஏறும். பகலில் ஸ்ரேசன்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஒவ்வொரு சதமாக இறக்கும். மாலை ஏழு, எட்டு மணிக்குப் பிறகு அன்றைய அடிமட்டத்துக்கு வரும். அடுத்த நாள் காலை திரும்ப ஏற்றம். வேலைக்குப் போகும் அவசரத்தில், காலை ஏழு மணிக்கு, மினுங்கும் லைற்றைப் பார்த்துக்கொண்டு அடிக்கிறவர்தான் இந்த ஊரில் ஆகக் கூடிய விலை கொடுக்கிறவர். அதே ஸ்ரேசனில் முதல் நாள் இரவு அடித்திருந்தால் சில சதம் மிஞ்சியிருக்கும், ஒரு மீற்றர்கூடக் கூட ஓடாமல்.

இரண்டாவது, நாளைய விலை இன்றைக்கே தெரியும். பிக்கரிங்–ஸ்காபரோ கிழக்கின் முன்னாள் எம்.பி. டான் மக்ரீக் பல ஆண்டுகளாக இந்த முன்னறிவிப்பைச் செய்து வருகிறார். மொத்த விலை எவ்வளவு மாறியது என்பதை வைத்து, நாளை காலை எத்தனை சதம் ஏறும், இறங்கும் என்று சொல்வார். காஸ் விசார்ட் தளத்தில் பார்க்கலாம். மாலைச் செய்திகளிலும் வரும். எப்போதும் சரியாக வரும் என்றில்லை, ஆனால் திசை பெரும்பாலும் பிழைக்காது. நாளை ஏறும் என்றால் இன்று இரவு அடியுங்கள். இறங்கும் என்றால் நாளை இரவு வரை பொறுங்கள். அவ்வளவுதான். "செவ்வாய்க்கிழமை மலிவு" மாதிரிக் கிழமைக் கணக்குகளைவிட இது எவ்வளவோ மேல்.

ஏப்ரல் நடுப்பகுதியில் பெற்றோல் கோடைகாலக் கலவைக்கு மாறும்போது ஒரே நாளில் சில சதம் ஏறுவது வழக்கம். அந்தக் கிழமை, விலை ஏறுமுன் தாங்கியை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுக்கலாம் என்பதற்காகத் தாங்கி வற்றும்வரை பொறுக்காதீர்கள். மாரியில் 401 நெடுஞ்சாலையில் பனிக்குள் மணித்தியாலக் கணக்காக மாட்டுப்படும் நாட்கள் உண்டு. கார் சூடாக இருக்க எஞ்சின் ஓட வேண்டும். அதற்குக் காஸ் வேண்டும். டிசெம்பர் முதல் மார்ச் வரை கால் தாங்கிக்குக் கீழே விடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் விலை பார்ப்பது இரண்டாம் பட்சம்.

எங்கே அடிப்பது

காஸ்படி என்ற அப்பைப் போனில் இறக்குங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது, கனடாவிலும் வேலை செய்யும். வாகனம் ஓட்டுகிறவர்களே விலையைப் பதிந்துவிடுகிறார்கள். ஆகவே விலையோடு, அது எத்தனை மணிக்குப் பதியப்பட்டது என்பதையும் பாருங்கள். காலையில் போட்ட விலையை நம்பி இரவில் போனால் குறைவாக இருக்கலாம், மறுநாள் போனால் கூடவும் இருக்கலாம்.

இந்த அப்பைக் கையில் வாங்கிய புதிதில் பலருக்கும் ஒரு வெறி வரும். மூன்று சதம் குறைவு என்று கண்டுவிட்டால் ஸ்காபரோவிலிருந்து பிக்கரிங் வரை ஓடுவார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு முறை 40 லீற்றர் அடிக்கிறீர்கள். மூன்று சதம் குறைந்தால் மிச்சம் 1 டொலர் 20 சதம். அதற்காகப் போக 6, வர 6 என்று 12 கிலோமீற்றர் கூட ஓடினால், நகரத்துக்குள் 100 கிலோமீற்றருக்கு 9 லீற்றர் குடிக்கும் காருக்கு ஒரு லீற்றருக்கு மேல் போய்விடும். 1 டொலர் 40 சத விலையில் அது ஏறக்குறைய 1 டொலர் 50 சதம். முப்பது சதம் நட்டம், அரை மணித்தியாலமும் போச்சு.

அப்பை வேறு மாதிரிப் பாவியுங்கள். வேலைக்குப் போய் வரும் வழி, பிள்ளையின் பள்ளிக்கூட வழி, கிழமைச் சாமான் வாங்கும் கடை வழி, இந்த மூன்றிலும் இருக்கிற ஸ்ரேசன்களை மட்டும் அப்பில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் பார்த்தால் எது வழமையாக மலிவு என்று தெரிந்துவிடும். நெடுஞ்சாலை வெளிவாசலோடு ஒட்டி நிற்கும் ஸ்ரேசனைவிட, இரண்டு மூன்று ஸ்ரேசன்கள் நெருக்கமாகப் போட்டி போடும் வீதியில் பொதுவாக விலை குறைவு.

கொஸ்ற்கோ தனிக் கதை. மற்ற இடங்களைவிடச் சில சதம் குறைவாகத்தான் இருக்கும், காஸும் தரமானது. ஆனால் உறுப்பினர் அட்டை வேண்டும்; 2024 செப்ரெம்பரிலிருந்து சாதாரண அட்டை ஆண்டுக்கு 65 டொலர். பம்பில் டெபிற் அட்டை அல்லது மாஸ்ரர்காட் எடுக்கும், விசா எடுக்காது, காசும் எடுக்காது. எல்லாக் கொஸ்ற்கோவிலும் பம்ப் இருப்பதுமில்லை. சனி பின்னேரம் போனால் வரிசை வீதிவரை நிற்கும். இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்து மலிவுக் காஸ் அடிப்பதில் அர்த்தம் இல்லை. காஸுக்காக மட்டும் அட்டை எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அரிசி, பால், டயபர் என்று ஏற்கெனவே அங்கே போகிற குடும்பம் என்றால், கடை பூட்டுகிற நேரத்தை அண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

அட்டைகளும் புள்ளிகளும்

புதிதாக வந்தவர்கள் இங்கேதான் கையில் இருப்பதைத் தவறவிடுகிறார்கள். வந்தவுடன் பலர் ஆர்.பி.சி. வங்கியில் கணக்குத் திறக்கிறார்கள். அந்த டெபிற் அல்லது கிரெடிற் அட்டையை பெற்றோ-கனடாவின் பெற்றோ-பொயின்ற்ஸ் கணக்கோடு ஒருமுறை ஒன்லைனில் இணைத்துவிட்டு, அதே அட்டையால் பணம் கட்டினால் லீற்றருக்கு 3 சதம் அந்த இடத்திலேயே கழியும். இணைக்காமல் சும்மா அட்டையைத் தட்டினால் ஒன்றும் கழியாது. சி.ஐ.பி.சி. அட்டை வைத்திருப்பவர்கள் ஜேர்னி என்ற புள்ளித் திட்டத்தோடு இணைத்துப் பயனியர், அல்ட்ராமார் நிலையங்களில் கழிவு பெறலாம். நோ ஃப்ரில்ஸிலும் சொப்பர்ஸிலும் சாமான் வாங்குகிறவர்களிடம் பி.சி. ஒப்ரிமம் அட்டை இருக்கும். எஸ்ஸோவிலும் மோபிலிலும் அதே அட்டைக்குப் புள்ளி ஏறும், பத்தாயிரம் புள்ளிக்குப் பத்து டொலர் சாமான். இந்தத் திட்டங்கள் அடிக்கடி மாறும். இணைக்குமுன் அப்போதைய நிபந்தனையை வாசியுங்கள்.

ஒன்றிரண்டு போதும். ஆறு அட்டை வைத்துக்கொண்டு எந்தப் பம்பில் எதைக் காட்டுவது என்று யோசிப்பவர்கள் கடைசியில் எதிலும் போதிய புள்ளி சேர்ப்பதில்லை. இன்னொன்று: கிரெடிற் அட்டை வட்டி 20 சதவீதத்தை அண்டி நிற்கிறது. மாதம் முடிய முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டால், மூன்று சதக் கழிவை அந்த வட்டி ஒரே விழுங்கில் விழுங்கிவிடும். டெபிற்றால் கட்டுங்கள்.

பம்பில் நிற்கும்போது

ஊரில் பெற்றோல் செற்றுக்குப் போனால் பெடியன் ஓடிவந்து அடித்துவிடுவான். இங்கே நாமேதான். முதலில், தாங்கி மூடி எந்தப் பக்கம் என்று இறங்கிப் பார்க்கத் தேவையில்லை. டாஷ்போர்டில் காஸ் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அம்புக்குறி காட்டும் பக்கம்தான் மூடி.

எஞ்சினை நிறுத்துங்கள். திரை முதலில் புள்ளி அட்டையைக் கேட்கும். பணம் கட்டியபிறகு கேட்காது, ஆகவே இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தவிர்த்துவிடாதீர்கள். அடுத்துப் பணம் கட்டும் அட்டை. பிறகு கார் வாஷ் வேண்டுமா என்று கேட்கும்; வேண்டாம் என்று அமர்த்துங்கள். அட்டையைத் தட்டியதும் வங்கியில் ஒரு தொகை தற்காலிகமாகப் பிடித்து வைக்கப்படும், நூறு டொலருக்கு மேலாகவும் இருக்கலாம். நீங்கள் 30 டொலருக்கே அடித்தாலும் மிச்சம் திரும்ப விடுபடக் கொஞ்ச நேரம் எடுக்கும், சில வங்கிகளில் ஒன்றிரண்டு நாளும் எடுக்கும். கணக்கில் மட்டுமட்டாகக் காசு இருக்கிற மாத முடிவில் வாடகைச் செக் அதே நாளில் போனால் வில்லங்கம். அப்படியான நாளில் உள்ளே போய், "மூன்றாம் பம்பில் முப்பது டொலர்" என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்து அடியுங்கள்.

எந்த நொசில்? கார் கையேட்டில் 87 என்றிருந்தால் 87தான். 91 போட்டால் எஞ்சினுக்குக் கூடுதல் பலமோ சுத்தமோ வராது, காசுதான் கூடப் போகும். சில காருக்கு 91 "கட்டாயம்" என்று இருக்கும், சிலதுக்கு "விரும்பத்தக்கது" என்று இருக்கும். முதலாவதற்கு 91ஐவிடக் குறைந்ததைப் போடாதீர்கள். இரண்டாவதற்கு 87உம் ஓடும். பழைய கார் வாங்கும்போதே மூடியின் உட்புறத்தைத் திறந்து பாருங்கள். சொகுசுக் கார் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்களுக்கு 91 கட்டாயம் என்பது முதல் நாள் பம்பில்தான் தெரியவரும். டீசல் நொசிலை நிறத்தை வைத்து அடையாளம் காண முயலாதீர்கள், எழுத்தை வாசியுங்கள்.

"கிளிக்" என்று நின்றதும் விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு தடவை அமர்த்தி 50 டொலருக்குச் சரிக்கட்டுவது பலருக்குப் பழக்கம். மேலதிகக் காஸ் ஆவி பிடிக்கும் குழாய்க்குள் போய் அந்தப் பகுதியைப் பழுதாக்கும், பிறகு எஞ்சின் லைற் எரியும்.

தூரப் பயணம்

401இல் ஒன்றூட் என்ற ஓய்வு நிறுத்தங்களில் கோப்பி குடியுங்கள், கழிப்பறைக்குப் போங்கள், காஸ் அடிக்காதீர்கள். நெடுஞ்சாலையை விட்டு வெளியேறாமல் அடிக்கும் வசதிக்கு விலை ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். புறப்பட முதல் நாள் இரவே வீட்டுக்குப் பக்கத்தில் நிரப்புங்கள். மொன்றியலில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று போகிறவர்கள் கோர்ன்வால் பக்கத்தில், கியூபெக் எல்லைக்கு முன்னர், வெளிவாசலில் இறங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். மொன்றியலில் பொதுப் போக்குவரத்துக்கென்று தனி வரியும் சேருவதால் அங்கே விலை வழமையாகக் கூட.

எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய் அடித்தால் மலிவு என்பதும் அடிக்கடி கேட்கிற கதை. அங்கே விலை கலனுக்கு; ஒரு அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். வகுத்து, டொலரையும் மாற்றிப் பார்த்தால் குறைவுதான். ஆனால் போகிற காஸ், பாலக் கட்டணம், எல்லை வரிசை மூன்றையும் சேர்த்தால் மிஞ்சாது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். வேறு அலுவலாகப் போகிறவர்கள் திரும்பும்போது நிரப்பிவிட்டு வரலாம். அங்கே பம்ப் சிப் கோட் (அமெரிக்கத் தபால் குறியீடு) கேட்டால், உங்கள் தபால் குறியீட்டில் உள்ள மூன்று இலக்கங்களையும் போட்டு, பின்னால் இரண்டு பூச்சியம் சேருங்கள்.

டூறம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நெடுஞ்சாலை 407இல் பிக்கரிங் புரொக் வீதிக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு 2025 ஜூன் 1 முதல் கட்டணம் இல்லை. 401இல் நின்று நின்று காஸை எரிப்பதைவிட அதில் போகலாம். ஆனால் புரொக் வீதியைத் தாண்டி மேற்கே போனால் கட்டண மீற்றர் ஓடத் தொடங்கிவிடும். ட்ரான்ஸ்பொண்டர் (கண்ணாடியில் ஒட்டும் கட்டணக் கருவி) இல்லாவிட்டால் கமராக் கட்டணமும் சேரும். அந்த பில்லைக் கட்டாமல் விட்டால் நம்பர் பிளேற் புதுப்பிக்க விடமாட்டார்கள்.

காரில் இருக்கிற மிச்சம்

விலை தேடி மிச்சம் பிடிப்பதைவிட, காரையும் ஓட்டத்தையும் திருத்திப் பிடிக்கும் மிச்சம் பெரிது.

ரயரில் தொடங்குங்கள். சாரதிக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். உங்கள் காருக்கு எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அதில்தான் பார்க்க வேண்டும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. வெப்பம் ஐந்தரைப் பாகை குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். செப்ரெம்பரில் 20 பாகையில் சரிபார்த்த ரயர், ஜனவரியில் மைனஸ் 15க்கு வரும்போது 6 பி.எஸ்.ஐ. குறைந்துவிடும், ஓட்டை ஒன்றும் இல்லாமலே. ஒரு ரயரில் 8 பி.எஸ்.ஐ. குறைந்தால் காஸ் 4 சதவீதம் வரை கூடப் போகலாம் என்று கனடாவின் இயற்கை வள அமைச்சு சொல்கிறது. சிறிய அளவுமானி ஒன்றை வாங்கி கிளவ் பொக்ஸில் போட்டு, மாதம் ஒருமுறை, காரை ஓட்டுமுன் ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

அடுத்து வேகம். 401இல் 120இல் போவது 100இல் போவதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடக் காஸ் எடுக்கும். வேலை ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவில் என்றால், அந்த 20 சதவீதம் எந்த அப்பும் காட்டாத கழிவு. கூரையில் கட்டிய பெட்டியைப் பயணம் முடிந்ததும் கழற்றுங்கள். ரொறன்ரோ நகரில் நிற்கும் வாகனத்தின் எஞ்சினை ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மாரியில் பதினைந்து நிமிடம் சூடாக்கத் தேவையில்லை. கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு எஞ்சினை இயக்கி, முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் ஓட்டத்திலேயே சூடாகும்.

டவுன்ரவுனில் வேலை என்றால், அஜின்கோர்ட், மிலிக்கன், எக்லின்டன் போன்ற கோ (GO) ரயில் நிலையங்களில் காரை விட்டுவிட்டு ரயிலில் போவதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கோவுக்கும் நகரின் பஸ், சப்வே சேவையான ரி.ரி.சி.க்கும் இடையே மாறும்போது இரட்டைக் கட்டணம் இல்லை. டவுன்ரவுன் பார்க்கிங் காசு காஸ் காசைவிடக் கூட என்பதைப் பலர் முதல் மாதக் கணக்கில்தான் காண்கிறார்கள்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு: வருசம் 20,000 கிலோமீற்றர் ஓடினால், 100க்கு 7 லீற்றர் குடிக்கும் காருக்கு 1,400 லீற்றர், 11 லீற்றர் குடிக்கும் பழைய வானுக்கு 2,200 லீற்றர். 1 டொலர் 40 சதப்படி 1,120 டொலர் வித்தியாசம். மூன்று சதக் கழிவால் அந்த 1,120 டொலரைப் பிடிக்க முப்பத்தேழாயிரம் லீற்றர் அடிக்க வேண்டும். வாங்குமுன் இயற்கை வள அமைச்சின் எரிபொருள் வழிகாட்டியில் அந்த ஆண்டு, அந்த மொடலைப் போட்டுப் பாருங்கள், ஒன்லைனில் இலவசம்.

வாங்கிய பிறகு, ஒவ்வொரு முறை முழுத் தாங்கி நிரப்பும்போதும் ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது அடித்த லீற்றரை ஓடிய கிலோமீற்றரால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மாரியில் அந்த இலக்கம் ஏறுவது சாதாரணம். மே மாதம் வந்தும் இறங்காவிட்டால் ரயரைப் பாருங்கள், பிறகு பிறேக் எங்காவது இறுகிப் பிடிக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.